மாத்திரை டப்பாவையும் சேர்த்து எழுதுங்கள்

நாள்பட்ட அஜீரணம் உள்ளவர்கள் எழுதலாம் என்று இரண்டு இதழ்களுக்கு முன் ஒரு வரி போட்டிருந்தோம். ஒரு மஞ்சப்பை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. முப்பத்தோரு வருடம் அரசு மருத்துவமனைகளில் பொது மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றபின், மயிலாடுதுறையில் சாயங்காலம் மட்டும் கிளினிக்கில் உட்கார்கிறேன். அது முடிந்து வீட்டுக்கு வந்து, இரவில் இவற்றைப் படித்தேன். ‘கேஸ்’ என்ற சொல் இல்லாத கடிதமே இல்லை. ‘எனக்கு அல்சர்’ என்று தொடங்கியவர்களில் எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) பார்த்து அப்படிச் சொல்லப்பட்டவர்கள் இரண்டே பேர். மற்றவர்களுக்கு அந்தப் பெயரை வைத்தது பக்கத்து வீடு, மெடிக்கல் கடை, சில சமயம் எங்களைப் போன்ற டாக்டர்களே. எங்கே வலிக்கிறது, எப்போது வருகிறது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று எழுதியவர்களுக்குத்தான் உருப்படியாகப் பதில் சொல்ல முடிகிறது. ஊர் மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் வேண்டாம்.

ஜவுளிக் கடையில் வேலை, வயது 43. ஆறு வருடமாக கேஸ் ட்ரபிள். நெஞ்சு எரியும், புளித்த தண்ணீர் தொண்டை வரை வரும், மேல் வயிற்றில் எரிச்சலோடு வலி. பான்டோப்ரசோல் 40 மாத்திரையை தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறேன். போட்டால் சுமாராக இருக்கிறது. நிறுத்தினால் மூன்றாம் நாளே முன்னைவிட மோசம். மத்தியானச் சாப்பாடு மூன்றரைக்கு. கடை அடைத்து இரவுச் சாப்பாடு பத்தே முக்காலுக்கு, பெரும்பாலும் பரோட்டா. வந்ததும் படுத்துவிடுவேன். ஆயுள் முழுக்க மாத்திரைதானா? இடுப்பு வலிக்கும் தினம் ஒரு மாத்திரை போடுகிறேன், அதனால் ஒன்றும் இல்லையே?
– ஈரோடு வாசகர்

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன் தம்பி. முக்கியமானதைக் கடைசியில்தான் எல்லோரும் சொல்கிறீர்கள். கிளினிக்கில்கூட கதவுப்பிடியில் கை வைத்த பிறகுதான் சொல்வார்கள்.

இடுப்பு வலி மாத்திரையின் பெயரை எழுதவில்லை. டைக்லோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அட்டையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். இரைப்பைக்குள் சுரக்கும் அமிலம் இரைப்பையையே அரித்துவிடாமல் ஒரு சளிப் படலம் காக்கிறது. அந்தப் படலத்துக்கு வேண்டிய புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உண்டாவதை இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. வலி குறைவதும் அதே பொருள் குறைவதால்தான். சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் செய்யாது என்பார்கள். எரிச்சல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ரத்தத்தில் கலந்த பிறகும் அது படலத்தைக் குறைத்துக்கொண்டேதான் இருக்கும். ஊசியாகப் போட்டுக்கொண்டவருக்கும் புண் வந்து நான் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒரு மாத்திரை பள்ளம் தோண்ட, இன்னொரு மாத்திரை மண் போட்டு மூட, ஆறு வருடம் போயிருக்கலாம். இடுப்பு வலிக்கு பாரசிட்டமால் போதுமா, பயிற்சி போதுமா என்று ஒரு டாக்டரிடம் கேட்டு, முதலில் அதை மாற்றுங்கள்.

இடுப்பு ஏன் வலிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து மணி நேரத்துக்கு மேல் நிற்கிறீர்கள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். உங்கள் கடையில் ஸ்டூல் இருக்கிறதா, இருந்தாலும் உட்கார விடுகிறார்களா, நான் அறியேன். ஆனால் ஸ்டூல் இல்லாததால் இடுப்பு வலி, இடுப்பு வலியால் மாத்திரை, மாத்திரையால் வயிறு என்று ஒரு சங்கிலி என் கண்ணுக்குத் தெரிகிறது. மருந்துச் சீட்டில் நாற்காலி எழுத முடியாதே என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அடுத்தது கேஸ் மாத்திரை. அது தவறான மருந்தில்லை, நீங்கள் போடும் நேரம்தான் தவறு. பான்டோப்ரசோல், ஓமிப்ரசோல் வகை மாத்திரைகள் இரைப்பையில் அமிலம் இறைக்கும் பம்புகளை அடைக்கின்றன. இயங்கும் பம்பைத்தான் அடைக்க முடியும், அதை இயங்க வைப்பது சாப்பாடு. மருந்து ரத்தத்தில் இருப்பதோ கொஞ்ச நேரம். அதனால்தான் காலையில் வெறும் வயிற்றில் போட்டு அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடச் சொல்கிறோம். பரோட்டாவுக்குப் பின் போடும் மாத்திரை, பஸ் போன பிறகு ஸ்டாப்புக்கு வந்த ஆள் மாதிரி.

நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வருவதை வைத்து, நோய் முற்றிவிட்டது என்று பயப்படாதீர்கள். டென்மார்க்கில் வயிற்றுத் தொந்தரவே இல்லாத 120 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தி 2009-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரை, மீதிப் பேருக்கு எட்டு வாரமும் வெற்று மாத்திரை. அப்புறம் எல்லோருக்கும் வெற்று மாத்திரை. முதல் கூட்டத்தில் 44 சதவீதம் பேருக்கு நிறுத்திய பிறகு நெஞ்செரிச்சல், புளியேப்பம் போன்ற தொந்தரவுகள் வந்தன. மற்றக் கூட்டத்தில் 15 சதவீதம்தான். அடக்கி வைத்த அமிலம் விட்டதும் துள்ளுகிறது. சில வாரங்களில் தானே அடங்கும். ஆகவே திடீரென்று நிறுத்தக் கூடாது. 40-ஐ 20 ஆக்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், நடுவில் எரிந்தால் அமிலத்தை முறிக்கும் சிரப் என்று மெல்ல இறங்க வேண்டும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு இரைப்பையைக் காக்கவே இந்த மாத்திரையைச் சேர்த்திருப்பார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

ஆனால் இறங்குவதற்கு முன், ஆறு வருடத் தொந்தரவுக்கும் தினசரி வலி மாத்திரைக்கும் சேர்த்து உங்களுக்கு ஒரு எண்டோஸ்கோப்பி அவசியம் என்பேன். கூடவே எடை குறைந்தாலோ, விழுங்கும்போது தடங்கினாலோ, ரத்த சோகை இருந்தாலோ, மலம் தார் போலக் கருத்துப் பிசுபிசுத்தாலோ, ‘அவசியம்’ என்பதை ‘இந்த வாரமே’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும். ஆனால் தார் போலக் குழகுழவென்று, அந்தக் கொடும் நாற்றத்தோடு இருக்காது.

மீதி இருப்பது பத்தே முக்கால் பரோட்டா. சாப்பாடு இரைப்பையை விட்டு முழுதாக இறங்க நாலு மணி நேரம்வரை ஆகும். எண்ணெய் கூடினால் இன்னும் தாமதம். நிரம்பிய பானையைச் சாய்த்து வைத்தால் வாய் வழியே வழியாமல் என்ன செய்யும்? எதுக்களிப்பு என்று நம் பாட்டிகள் சொன்னது இதைத்தான். ஏழரை மணிக்குக் கடையிலேயே இரண்டு சப்பாத்தியோ நாலு இட்லியோ முடித்துவிட முடியுமா என்று பாருங்கள். அதற்கு முதலாளி மசியமாட்டார் என்றால், மத்தியானச் சாப்பாட்டைப் பெரிதாக்கி ராத்திரிக்கு ஒரு கிண்ணம் ரசம் சாதம். கட்டிலில் படுப்பவர் என்றால் தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் கீழே அரை அடிக்கு மேல் உயரமாகச் செங்கல் வையுங்கள். தலையணை மட்டும் இரண்டு வைத்தால் கழுத்துதான் மடங்கும், வயிறும் மடங்கி இன்னும் மேலே தள்ளும். பாயில் படுப்பவர் என்றால் மெத்தையை மடித்து முதுகின் நடுவிலிருந்தே சரிவாகப் போட்டுக்கொண்டு, இடது பக்கமாகச் சாய்ந்து படுங்கள். அப்படிப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்ந்து கிடக்கும். பெல்ட்டை ஒரு துளை தளர்த்துங்கள். பெண்களுக்கு நான் சொல்வது உள்பாவாடை நாடாவை.

ஆசிரியை, வயது 31. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்து கல் மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் வாந்தி பேதி ஆனதிலிருந்து இப்படி. எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், தைராய்டு எல்லாம் நார்மல். “உங்களுக்கு ஒன்றுமில்லை, டென்ஷன்” என்று ஒரு மாத்திரை எழுதினார்கள். மெடிக்கல் கடைப் பையன் அது மனநோய் மாத்திரை என்றான். நான் போடவில்லை. மாமியார் நான் நடிக்கிறேன் என்கிறார். எனக்கு என்னதான் வியாதி?
– விழுப்புரம் வாசகி

உங்கள் வியாதிக்குப் பெயர் இருக்கிறது: ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா. சோதனையில் எதுவும் தெரியாமல், இரைப்பை வேலை செய்யும் விதம் மட்டும் கெடுகிற அஜீரணம். உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட இலக்கணம் அதற்கு உண்டு. மாமியாரிடம் சொல்லுங்கள், வேண்டுமானால் இந்தப் பக்கத்தையே காட்டுங்கள்.

நானும் அந்த ‘ஒன்றுமில்லை’யைச் சொன்னவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓ.பி. வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது, நார்மல் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ஒரு நிம்மதியோடு “ஒண்ணுமில்லம்மா, போங்க” என்பேன். ஒரு அம்மாள் எழுந்து போகாமல், “அப்ப எனக்கு வலிக்குதே, அது யாருக்கு வலிக்குது?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது ஓரளவு தெரியும்.

எண்டோஸ்கோப்பி இரைப்பையின் சுவரைக் காட்டும். அது வேலை செய்யும் விதத்தைக் காட்டாது. சாப்பாடு வந்ததும் இரைப்பையின் மேல்பகுதி தளர்ந்து, பை போல விரிந்து இடம் கொடுக்க வேண்டும். சிலருக்கு அது சரியாக விரிவதில்லை. அதனால் நாலாவது வாயிலேயே நிறைந்துவிடுகிறது. அங்குள்ள நரம்புகளும் கூச்சம் அடைந்து, சாதாரண அசைவையே வலி என்று மூளைக்கு அனுப்புகின்றன. வயிற்றுப்போக்குத் தொற்றுக்குப் பின் இது தொடங்குவது அடிக்கடி பார்க்கும் கதை. உங்கள் கல்யாணச் சாப்பாடு ஒரு முக்கியமான தகவல், அதை எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்லுங்கள்.

டென்ஷன் என்று சொன்னவரும் முழுத் தவறில்லை, சொன்ன விதம்தான் தவறு. 1822-ல் அமெரிக்காவில் மாக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடா இளைஞரின் வயிற்றில் தற்செயலாகத் துப்பாக்கி வெடித்துவிட்டது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பைக்கு நேராக ஒரு துளை மூடாமலே நின்றுவிட்டது. ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமான்ட் அந்தத் துளை வழியாக இறைச்சித் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி உள்ளே விட்டு, எடுத்து, செரிமானத்தை வருடக்கணக்கில் கவனித்து 1833-ல் புத்தகமாகப் போட்டார். அந்த இளைஞர் கோபப்படும்போது இரைப்பையின் உள்பக்கமும் சுரப்பும் மாறுவதை அவர் கண்ணால் பார்த்தார். (துளை வைத்திருந்தவருக்கு ஏன் கோபம் வந்தது என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.) மனசு கெட்டால் வயிறு கெடுவது நடிப்பில்லை.

அந்த மாத்திரை அமிட்ரிப்டிலினாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். மனச்சோர்வுக்கு அதை 75, 100 மில்லிகிராம், அதற்கு மேலும் கொடுப்பார்கள். வயிற்றுக்குக் கொடுப்பது இரவில் 10 அல்லது 25. அந்த அளவில் அது இரைப்பை நரம்பின் கூச்சத்தைக் குறைக்கிறது. முதல் வாரம் காலையில் மந்தமாக இருக்கும், வாய் வறளும். பலன் தெரிய மூன்று நாலு வாரம் ஆகும், அதற்குள் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். நேராகக் கேளுங்கள்: “இது என் வயிற்றுக்கா, மனசுக்கா, எத்தனை மாதம்?” என்று. பதில் சொல்லாத டாக்டரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எழுதியது டாக்டர், நிறுத்தியது கடைப் பையன் என்று இருக்கக் கூடாது. இரைப்பையில் வாழும் ஹெச். பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்களா என்றும் கேளுங்கள். இருந்தால், அதை ஒழித்ததும் சிலருக்கு இந்தத் தொந்தரவே குறைகிறது.

சாப்பாட்டை ஐந்தாகப் பிரியுங்கள். இரண்டாம் பீரியட் முடிந்ததும் நாலு வாய், மதியம் கொஞ்சம், நாலரைக்கு மறுபடி கொஞ்சம். எண்ணெய்ப் பதார்த்தத்தைக் குறையுங்கள். எடையை மாதம் ஒருமுறை ஒரே தராசில் பார்த்துக் குறித்து வையுங்கள்.

அப்பாவுக்கு 62 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. ஒரு மாதமாக, மாடி ஏறினாலோ வேகமாக நடந்தாலோ நெஞ்சுக்குழியில் கேஸ் அடைக்கிறது என்கிறார். நின்று ஒரு சோடா குடித்து ஏப்பம் விட்டால் சரியாகிவிடுகிறது. நல்ல லேகியம் சொல்லுங்கள்.
– தேனி வாசகர்

இந்தப் பதில் அச்சில் வர மூன்று வாரம் ஆகும் என்பதால், கடிதத்தைப் படித்த இரவே ஆசிரியர் குழுவிடம் சொல்லி இவருக்குப் போன் செய்யச் சொன்னேன். மற்றவர்களுக்காக இங்கே.

அஜீரணத்துக்கு மாடிப்படி தெரியாது. நடந்தால் வந்து, நின்றால் போகிற அடைப்பு இதயத்தின் குரல். சோடா சரியாக்கவில்லை, நின்றதுதான் சரியாக்கியது. லேகியம் கிடையாது. முதலில் ஈசிஜி, இதய மருத்துவர். ஒரு ஈசிஜி நார்மல் என்றால்கூட அதோடு விட்டுவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு நெஞ்சு வலியாக வராமல் குமட்டல், வியர்வை, மேல்வயிற்றுப் பொருமல் என்று மாறுவேடத்தில் வரும். என் தாய்மாமா பஸ் ஸ்டாண்டில் எலுமிச்சை, உப்பு போட்டு மூன்று கோலி சோடா குடித்தார். மூன்றுக்கும் ஏப்பம் வந்தது. வியர்வை நிற்கவில்லை என்று யாரோ ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். ஈசிஜியில் இதயத்தின் கீழ்ச் சுவரில் மாரடைப்பு. அந்தச் சுவர், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசையின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதனால் வலி வயிற்றில் தெரிகிறது. மாமா பிழைத்தார், பிறகு பதினான்கு வருடம் இருந்தார், சோடாவை மட்டும் திட்டிக்கொண்டே இருந்தார்.

உட்கார்ந்திருக்கும்போதே அடைப்பும் வியர்வையும் வந்தால் 108.

எண்டோஸ்கோப்பியில் ஹெச். பைலோரி பாசிட்டிவ். 14 நாள் மாத்திரை கொடுத்தார்கள், நாக்கு கறுத்து வாயெல்லாம் இரும்பு கசப்பு, ஆறாம் நாள் நிறுத்திவிட்டேன். குழந்தைகளுக்குத் தொற்றுமா?
– நாகர்கோவில் வாசகி

அந்த மாத்திரைகளில் நாக்கு கறுப்பது பிஸ்மத் என்ற மருந்தால், கசப்பு மெட்ரோனிடசோல் என்ற மருந்தால். இரண்டும் ஆபத்தில்லை, முடிந்ததும் போய்விடும். பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து. மீதிக் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அடுத்த தடவை வேறு மருந்துக் கூட்டணி தேட வேண்டும். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து பாரி மார்ஷல் 1984-ல் இந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடித்து, சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வரவழைத்துக் காட்டினார். 2005-ல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசு.

நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேல் இந்தக் கிருமி இருக்கிறது, பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்தது. எல்லோருக்கும் புண் வருவதில்லை. தொந்தரவில்லாத குழந்தைகளை இழுத்துக்கொண்டு போய்ச் சோதிக்க வேண்டாம். மென்று ஊட்டுவதை நிறுத்துங்கள், கை கழுவுங்கள். சிகிச்சையை முடித்து நாலு வாரம் கழித்து, கேஸ் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தியபின், மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்து கிருமி போனதை உறுதி செய்யுங்கள். இந்தக் கடைசிப் படியை முக்கால்வாசிப் பேர் செய்வதே இல்லை.

வயிற்றெரிச்சலுக்கு ராத்திரி பால் குடிக்கச் சொல்கிறார்கள். குடித்தால் உப்புசம்.
– காரைக்கால் வாசகர்

குடிக்காதீர்கள். பால் முதலில் அமிலத்தை ஆற்றுவதுபோல் தோன்றும், பிறகு அதிலுள்ள புரதமும் கால்சியமும் அமிலத்தைக் கூட்டும். தவிர நம் பக்கத்தில் பலருக்கு வளர்ந்த பிறகு பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. இரண்டு வாரம் பாலை விட்டு மோருக்கு மாறிப் பாருங்கள். மோரிலும் தயிரிலும் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைக் கிருமிகள் ஏற்கெனவே தின்றிருக்கும்.

ஓமம், சுக்கு, சீரகம் எல்லாம் வெறும் நம்பிக்கையா?
– கும்பகோணம் வாசகி

இல்லை. இஞ்சி இரைப்பை காலியாவதைக் கொஞ்சம் விரைவாக்குகிறது. ஓமத்தின் மணம் தைமால் என்ற பொருளால் வருவது. தீபாவளிக்கு மறுநாள் மந்தத்துக்கு ஓமத் தண்ணீர் நானும் குடிக்கிறேன். ஆனால் எட்டு மாதமாக தினமும் தேவைப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், வயது 57 என்றும். அந்த வயதில் புதிதாக வந்து எட்டு மாதம் நிற்கும் மந்தத்தைக் கஷாயத்தால் மூடி வைக்கக் கூடாது, உள்ளே பார்க்க வேண்டும். புதினா மிட்டாயும் புதினா டீயும் மட்டும் வேண்டாம். அது உணவுக்குழாயின் கீழ் வாயைத் தளர்த்தி எதுக்களிப்பைக் கூட்டும்.

எண்டோஸ்கோப்பி என்றாலே பயம். வலிக்குமா?
– கும்பகோணம், அதே வாசகி

எனக்கும் பயமாகத்தான் இருந்தது, போன வருடம் செய்துகொண்டேன். ஆறேழு மணி நேரம் வெறும் வயிறு. தொண்டையில் மரப்பு மருந்து அடிப்பார்கள், கசக்கும். இடது பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும். சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய். வலி இல்லை, ஓங்கரிப்பு வரும். மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால் அடங்கும். ஐந்து முதல் பத்து நிமிடம். ரொம்பப் பயம் என்றால் மயக்க ஊசி கேட்கலாம், அப்போது கூட ஒரு ஆள் வர வேண்டும். முடிந்ததும் காபிக்கு அவசரப்படாதீர்கள், தொண்டை மரத்திருக்கும்போது குடித்தால் புரையேறும். நோயாளிகளுக்கு இதை ஆயிரம் தடவை சொன்னவள் நான். கான்டீனில் பத்தாவது நிமிடமே குடித்தேன், ஏறியது.